சுவரில் தொங்கிய சான்றிதழை நான் வாசித்திருக்க வேண்டும்

மட்டக்களப்பில் பிள்ளையை ‘லண்டன் ஓ.எல்.’ (கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் சாதாரண தரம்) படிப்பிக்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பணம் போய்விட்டது. உங்களுடையது இன்னும் கையில்தான் இருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன், அரசாங்கப் பாடசாலையில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகனைத் தரம் 7இல் நானே நிற்பாட்டி ஒரு சர்வதேசப் பாடசாலையில் சேர்த்தேன். மனைவிக்கு விருப்பமில்லை. “மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் கடல் கடந்து வந்து 1814இலேயே பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. இங்கே ஆங்கிலம் தேடி வாடகை வீட்டில் நடக்கும் பாடசாலைக்கா போக வேண்டும்?” என்று கேட்டாள். அவள் அந்தப் பள்ளிக்கூடமான மெதடிஸ்த மத்திய கல்லூரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. நான் கேட்கவில்லை.

சேர்த்த அன்று குளிரூட்டிய அறையில் இருத்தினார்கள். சித்திரை வெயிலிலும் பிளேசர் போட வேண்டும் என்றார்கள். பிரித்தானிய முறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ஆய்வுகூடம் காட்டினார்கள். ஒரு அலுமாரி, அதில் நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் நிரப்பிய முகவைகள். அடுத்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோதும் அதே முகவைகள்தான் இருந்தன. தண்ணீர் பாதியாக வற்றி, கண்ணாடியில் வளையம் வளையமாக நீலக்கறை படிந்திருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அலுவலக மேசைக்கு மேலே தங்க நிறச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது. “அரசாங்கத்தில் பதிந்த பாடசாலை, சேர்” என்றார் காரியதரிசிப் பிள்ளை. அரசாங்க முத்திரையைப் பார்த்தேன், எழுத்தை வாசிக்கவில்லை. அனுமதிக் கட்டணம் 75,000 ரூபாய், தவணைக்கு 48,000. கட்டினேன்.

பரீட்சை வருடம் வந்தது. பரீட்சைக் கட்டணம் என்று 120,000 ரூபாயை அதற்கு முந்திய வருடம் நவம்பரிலேயே வாங்கிவிட்டார்கள். ஜனவரியில் கொழும்பில் இருக்கும் மச்சானுடைய மகன் வீட்டுக்கு வந்தான். அவன் அதே பரீட்சை எழுதி முடித்தவன். “மாமா, சென்டர் நம்பர் என்ன?” என்று கேட்டான். கேம்பிரிட்ஜ் பரீட்சையை நடத்தும் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமுமாக ஒரு நிலைய இலக்கம் உண்டாம். மாணவனின் பதிவுத்தாளில் அது இருக்க வேண்டுமாம். எங்களிடம் பதிவுத்தாளே இல்லை.

மறுநாள் பாடசாலைக்குப் போய் நிலைய இலக்கத்தைக் கேட்டேன். காரியதரிசிப் பிள்ளை கொஞ்சம் யோசித்தார். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, அந்தத் தங்கச் சட்டத்தை எட்டிப் பார்த்து, ஒரு துண்டுத்தாளில் இலக்கத்தை எழுதித் தந்தார். ‘பிவி’ என்று தொடங்கியது. அது கம்பனிப் பதிவு இலக்கம். மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் என் தம்பியின் கம்பனிக்கும் ‘பிவி’தான். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கம்பனியாகப் பதிந்தது தவறில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டணம் வாங்கும் புதிய தனியார் பாடசாலைகளுக்கு வழி அடைபட்டதால், சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்தான் பதிகின்றன. பேர்பெற்ற கொழும்புப் பாடசாலைகளும் அப்படித்தான். ஆனால் அந்தக் காகிதம் படிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பரீட்சை நடத்தும் உரிமை வேறு, அதைக் கேம்பிரிட்ஜோ எடெக்செலோதான் கொடுக்க வேண்டும். இவர்களுக்கு இரண்டு சபையுமே அதைக் கொடுத்திருக்கவில்லை. பிள்ளைகளை வெளிவாரியாகக் கொழும்பில் எழுதவைப்பது வழக்கமாம். எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

இரவு பஸ் ஏறினேன். மே மாதப் பரீட்சைக்கான பதிவு முடிய ஒரு கிழமைகூட இல்லை. பிரிட்டிஷ் கவுன்சிலில் தனிப் பரீட்சார்த்தியாக, மறுபடியும் என் பணத்தில், ஐந்து பாடத்துக்குப் பதிந்தேன். இரசாயனவியலில் செய்முறைக்குப் பதிலாக ஒரு எழுத்து வினாத்தாள் உண்டு. அதில் அளவியின் (திரவத்தை அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய், பியூரெட்) படத்தைப் பார்த்து வாசிப்பை எழுத வேண்டும். மகன் அதுவரை அளவியைக் கையால் தொட்டதே இல்லை. கல்லடியில் ஓய்வுபெற்ற ஒரு விஞ்ஞான ஆசிரியர் தன் வீட்டு விறாந்தையில் இருத்தி, ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது’ என்று இருந்தது. மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு எழுதி, அதன் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு பரீட்சைக் கட்டணம் மட்டும் வந்தது, அதுவும் இரண்டு தவணையாக. மற்றதெல்லாம் போனதுதான்.

இன்னொன்றையும் முன்னமே விசாரித்திருக்கலாம். இங்கே அரச பல்கலைக்கழகங்களுக்கு உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களுக்கிடையிலான வித்தியாசத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) வைத்துத்தான் ஆட்களை எடுக்கிறார்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் மாவட்ட ஒதுக்கீடும் அந்த வழியால்தான் வரும். லண்டன் பாதையில் போனால் பிறகு வெளிநாடோ தனியார் பட்டமோதான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். எங்களிடம் அந்தக் கணக்கும் இல்லை, அதற்கான காசும் இல்லை.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டிருந்தார்கள். புதிய அனுமதி, கல்முனையில் அடுத்த கிளை. உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், அதில் உள்ள தொலைபேசிக்கு எடுத்து நிலைய இலக்கத்தை மட்டும் கேளுங்கள். ‘பிவி’ என்று தொடங்கினால் அதற்குமேல் பேச வேண்டாம்.