கடிக்கிற வாய்க்கு ஒரு சிலிகான் வளையம்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

முதல் கடி விழுந்த அன்று என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து பத்து நாள். வெளியே பல் எதுவும் தெரியவில்லை, கீழ் ஈறு மட்டும் கொஞ்சம் வெள்ளையாக மேடிட்டிருந்தது. முளைக்காத பல்லுக்கே உயிர் போகிறதே, முளைத்துவிட்டால் எப்படிப் பால் கொடுப்பேன் என்று அன்று இரவெல்லாம் அழுதேன், நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த வாரம் வாங்கியதுதான் இந்த டீத்தர், பல் முளைக்கும் குழந்தை கடிக்கக் கொடுக்கும் வளையம். இப்போது ஒன்பது மாதம் தாண்டிவிட்டாள், கீழே இரண்டு மேலே இரண்டு என்று நான்கு பல், இன்னும் என்னிடம் பால் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மூன்று மாதமாகக் கையோடு வைத்திருக்கும் பொருள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. முழுக்கச் சிலிகான், ஒரே வார்ப்பு. உள்ளே ஜெல் இல்லை, தண்ணீர் இல்லை, ஒட்டுப் போட்ட இடமும் இல்லை. வளையத்தின் தடிமன் கிட்டத்தட்ட என் சுண்டுவிரல் அளவு, அதனால் ஆறு மாதக் கை சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மழமழவென்று இருக்கும், மறுபக்கம் சின்னச் சின்ன முடிச்சுகள். அவளுக்குப் பிடித்தது முடிச்சுப் பக்கம்தான். இதற்கு முன்னால், எச்சில் ஒழுகத் தொடங்கிய ஐந்தாவது மாதத்திலேயே ஜெல் நிரப்பிய ஒன்று பரிசாக வந்திருந்தது. மூன்றே வாரத்தில் ஓரத்தில் கசிந்தது, குழந்தையின் கன்னத்தில் பிசுபிசுவென்று எதுவோ இருக்கிறதே என்று துடைத்தபோதுதான் தெரிந்தது. உள்ளே திரவம் இருக்கும் எதையும் அன்றோடு விட்டுவிட்டேன்.

இந்த டீத்தர் எனக்கு எங்கே உதவியது என்று சொல்ல, குழந்தை எப்போது கடிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் வாங்கினால் எந்த டீத்தரும் பயன்படாது. ஒழுங்காகக் கவ்விக் குடிக்கும் குழந்தையால் அந்த நேரத்தில் கடிக்க முடியாது. பால் இழுக்கும்போது நாக்கு கீழ் ஈறுக்கு மேலே நீண்டு வந்து மார்பைத் தாங்கிப் பிடித்திருக்கும், கடிக்க வேண்டும் என்றால் முதலில் தன் நாக்கைத்தான் கடிக்க வேண்டும். ஆகக் கடி விழுவதெல்லாம் குடிக்காத நேரத்தில். நான் ஒரு வாரம் கவனித்துப் பார்த்ததில் என் மகளுக்கு இரண்டு நேரங்கள் தெரிந்தன. ஒன்று, ஈறு நமநமவென்று இருக்கும்போது வாயில் வைத்த உடனேயே, சரியாகக் கவ்வுவதற்கு முன்னால். இன்னொன்று கடைசியில், பால் வரத்து குறைந்து வயிறும் நிறைந்த பிறகு, வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்போது. வலித்த கடிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகைதான்.

முதல் வகைக்கு இந்த வளையம் உண்மையாகவே வேலை செய்தது. பால் கொடுக்க உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன், நறநறவென்று ஆசை தீரக் கடிப்பாள், அப்புறம் மார்பில் போட்டால் நேராகக் குடிக்கத் தொடங்குவாள். ஃப்ரிட்ஜ் என்றுதான் சொல்கிறேன், ஃப்ரீசர் இல்லை. உறைய வைத்தால் கல்லாகிவிடும், வீங்கிய ஈறை அது காயப்படுத்தும். இன்னொன்றும் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்: டீத்தரைப் பிடுங்கிய கையோடு மார்பில் போட்டால் அந்தக் குளிர்ந்த வாய் பட்டதும் காம்பு சுரீரென்று வலிக்கிறது. நடுவில் இரண்டு நிமிடம் இடைவெளி விடுங்கள், தோளில் போட்டு நடந்தால் போதும், வாய் பழைய சூட்டுக்கு வந்துவிடும்.

இரண்டாவது வகைக்கு டீத்தர் பாதிதான் உதவும், மீதி நம் கண்ணில் இருக்கிறது. விழுங்கும் சத்தம் நின்றுவிடும், நாக்கு பின்னால் போகும், தாடை லேசாக இறுகும், பார்வை வேறு எங்கோ போகும். அந்த நொடியில் வாயோரத்தில் சுண்டுவிரலை ஈறுகளுக்கு நடுவே நுழைத்துக் காற்றுப்பிடியை விடுவித்து எடுத்துவிட வேண்டும், எடுத்த உடனே கையில் வளையத்தைக் கொடுத்துவிட வேண்டும். கடித்த பிறகு கொடுப்பது இல்லை, கடிப்பதற்கு முன்னால். நான் முதல் இரண்டு வாரம் போனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்தேன், அந்த நாட்களில்தான் அதிகம் கடிபட்டேன். போனை அடுத்த அறையில் வைத்த பிறகு கடி வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

அப்படியும் கடித்துவிட்டால் இழுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. வலியில் கை தானாகவே குழந்தையை வெளியே இழுக்கும், கடித்த வாயோடு இழுத்தால்தான் தோல் கிழியும், எனக்குக் கிழிந்தது அப்படித்தான். அதற்குப் பதிலாகக் குழந்தையை இன்னும் நம்மோடு நெருக்கி அணைத்தால் மூக்கு ஒரு கணம் மார்பில் பதியும், மூச்சுவிட வாயைத் தானே திறந்துவிடும், அவ்வளவுதான், உடனே தளர்த்திவிட வேண்டும். கத்தவும் கூடாது. நான் ஒரு தடவை என்னை மறந்து அலறிவிட்டேன், அவள் வெலவெலத்துப்போய் அழுதாள், அதன் பிறகு ஒன்றரை நாள் மார்புப் பக்கமே வரவில்லை. பால் கட்டிக்கொண்டு வலி ஒரு பக்கம், என் குழந்தை என்னைப் பார்த்துப் பயந்துவிட்டதே என்ற வேதனை ஒரு பக்கம். பாலைக் கையால் எடுத்துக் கோப்பையில் கொடுத்துக்கொண்டே, அவள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது இருட்டான அறையில் மடியில் போட்டுப் போட்டுத்தான் திரும்பக் கொண்டுவந்தேன்.

கிழிந்த இடத்துக்குப் பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலையே தடவிக் காயவிட்டேன், அதன் மேல் மெலிதாக லானோலின் களிம்பு. ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் மெழுகு அது, அடுத்த தடவை பால் கொடுப்பதற்கு முன் கழுவ வேண்டிய அவசியம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு நாளில் ஆறிவிட்டது. மார்பில் ஓரிடம் சிவந்து, கல்லுபோல் இறுகி, தொட்டால் சுட்டு, உடம்பில் காய்ச்சலும் வந்தால் களிம்பைத் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மேல் பல் இரண்டும் வந்த பிறகு புதிதாக ஒன்று ஆரம்பித்தது. கடிக்கவே மாட்டாள், ஆனால் குடித்து முடித்துப் பார்த்தால் காம்பைச் சுற்றி மேல் பக்கம் வளைவாகப் பல் தடம் இருக்கும். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மோவாய் மார்பில் நன்றாகப் பதியும்படி, வாயை அகலத் திறக்கவைத்துப் போட்டதும் தடம் குறைந்தது. இதில் டீத்தருக்குப் பங்கே இல்லை.

சரி, குறைகள். சிலிகானில் தூசியும் முடியும் காந்தம்போல ஒட்டிக்கொள்கின்றன, கீழே விழும் ஒவ்வொரு தடவையும் கழுவியாக வேண்டும், ஒரு நாளைக்குப் பத்து தடவை விழும். வாசனை சோப்பில் கழுவினால் அந்த வாடையை இழுத்து வைத்துக்கொள்கிறது, குழந்தை வாயிலேயே வாங்க மாட்டேன் என்கிறாள். வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்தால் போய்விடும், இத்தனை நாள் கொதியிலும் உருக்குலையவில்லை. பெரிய குறை என்று நான் நினைப்பது, மேலும் கீழும் பல் சேர்ந்த பிறகு முடிச்சுகளில் வெட்டுக்குறி விழ ஆரம்பித்தது. ஒரு முடிச்சு பாதி பிய்ந்து ஆடியதைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன், அது பத்தாவது வாரம். அட்டைப் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இருந்திருக்க வேண்டும். தினமும் ஒரு தடவை இழுத்து, வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கூடவே ஒரு நாடாவும் வருகிறது, கழுத்தில் மாட்டவே கூடாது, தூங்கும்போது பக்கத்தில் விடவும் கூடாது. நான் நாடாவைப் பிரித்து எறிந்துவிட்டேன்.

டீத்தருக்குப் பதிலாக என்று பலர் சொல்லும் மூன்று பொருட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக வைக்கும் ஜெல்லில் பென்சோகைன் இருந்தால் தொடாதீர்கள். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும் ஆபத்து அதில் உண்டு, இரண்டு வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது. பால் குடிக்கும் குழந்தைக்கு அது வேறு விதத்திலும் உதவாது, நாக்கு மரத்தால் கவ்வவும் வராது. பல் வலிக்கு என்று குழந்தைக்கு மாட்டிவிடும் அம்பர் மணிமாலைகளைப் பற்றியும் அதே ஆண்டு டிசம்பரில் எச்சரித்தார்கள், மாலை கழுத்தை இறுக்கி ஒரு குழந்தை இறந்தே போயிருக்கிறது. பல் முளைப்பதற்கான ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து லேபிளில் சொன்ன அளவைவிட அதிகமாக இருந்ததை 2017இல் கண்டுபிடித்தார்கள். இவ்வளவுக்கும் முன்னால் ஒரு குளிர்ந்த வளையம் எவ்வளவோ மேல். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல்லின் மேல் பழியைப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் வந்துவிட்டது, இனிமேல் பாலை நிறுத்திவிடு என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்றுதான் சொல்கிறது, முதல் பல்லோ பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம், ஆனால் கடிக்குப் பயந்து மட்டும் நிறுத்த நினைக்கிறீர்கள் என்றால் இரண்டு வாரம் இதையெல்லாம் முயன்று பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது அந்த முடிச்சுகளுக்காக. முன்பற்கள் வரும் காலத்துக்கு மட்டும்தான் இது சரிப்படும். கடைவாய்ப் பல் பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும், அவ்வளவு பின்னால் இந்த வளையம் எட்டாது, அப்போது நீளமான வடிவத்தில் வேறு வாங்க வேண்டியிருக்கும். வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று பால் கொடுக்கும் இடத்தில் கை எட்டுகிற தூரத்தில்.