ஸ்கிரமா, கான்பானா? எங்கள் குழுவில் எது நிலைத்தது

கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் கணக்கியல் மென்பொருள் எழுதும் சிறிய குழு எங்களுடையது. மென்பொருள் வேலையைத் திட்டமிட்டு நடத்தும் முறைகளான ஸ்கிரம், கான்பான் இரண்டையும் சில ஆண்டுகளாகப் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை எந்த வழியாக வந்து சேர்கிறது என்று பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தால் தலைவலிதான்.

முதலில் எல்லாமே ஸ்கிரம். இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது முன்கூட்டியே வேலையைக் குறித்துக்கொண்டு ஓடும் ஒரு சுற்று; காலையில் 15 நிமிடக் கூட்டம். புதிய வசதிகளுக்கு இது நன்றாகவே ஓடியது. ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் காட்ட ஏதாவது கையில் இருக்கும். ஆனால் கிள்ளானிலிருந்து ஒரு கடைக்காரர், "தம்பி, இன்வாய்ஸ் அடிக்க மாட்டேங்குது, ஆள் நிக்குது" என்று கூப்பிடும்போது, அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம் என்றா சொல்வது?

அதனால் பழுது வேலைகளை மட்டும் கான்பானுக்கு மாற்றினோம். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை, அது பலகையில் கட்டத்துக்கு ஒரு பத்தியாக நகர்ந்து போகும். இதில் உயிர்நாடி பலகை அல்ல, வரம்பு. எங்களிடம் சோதனைக்கு ஒரே ஒரு அக்காதான். 'சோதனை' பத்தியில் மூன்று அட்டைகளுக்கு மேல் கூடாது என்று வைத்தோம். நிறைந்துவிட்டால் நிரல் எழுதியவரும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு, அப்புறம் பாதி முடிந்த வேலைகள் குவிவது நின்றது. டொயோட்டா ஆலையில் பிறந்த முறையாயிற்றே, அடுத்த கட்டம் கேட்டால்தான் இங்கிருந்து நகர வேண்டும்.

சட்டம் தேதி குறித்த வேலைகள் தனி ரகம். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்றவை 6-லேயே நின்றன. எண்ணை மாற்றினால் போதாது, சேவை வகை வாரியாகப் பிரிக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வருவாய் உள்ள நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. இவற்றுக்கு, எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு ஒவ்வொரு கட்டமாக முடிக்கும், பலரும் கேலி செய்யும் வாட்டர்ஃபால் பாணியில் இறுதித் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டோம். உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்-விலைப்பட்டியலுக்கான தொழில்நுட்பக் குறிப்புகளை இடையிடையே திருத்தியதால் அதற்குள்ளும் குட்டிச் சுற்றுகள் தேவைப்பட்டன.

நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வாரங்களில் ஸ்பிரிண்டே தொடங்குவதில்லை. பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

தீராத குறை ஒன்று உண்டு. வாரம் ஒருவர் முறை வைத்துப் பழுது பார்க்கப் போவதால் ஸ்பிரிண்டில் முடித்த வேலையின் அளவைக் காட்டும் புள்ளிகள் இறங்குகின்றன. புள்ளிகளின் வரைபடம் ஏன் சரிந்தது என்று மேலாளர் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.