சாக்ஸன் ஹெச்இ: கொழுந்துக் கணக்குக்கு எடுபடுமா?

கொழுந்து நிறுவையையும் செக்ரோலையும் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) எக்செல்லில் வைத்துக்கொண்டு, மாத முடிவில் எக்ஸ்எம்எல் (தரவை டேக்குகளுக்குள் வைக்கும் உரைக் கோப்பு) ஆக்கி, அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் ஸ்டைல்ஷீட் எழுதிச் சம்பளச் சிட்டை அடிக்கும் தோட்ட அலுவலகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் முக்கியமானவை இரண்டு. லினக்ஸ்காரர்களுக்குப் பழக்கமான எக்ஸ்எஸ்எல்டிபிராக், அந்த மொழியின் 1999-ஆம் ஆண்டு 1.0 பதிப்போடு நின்றுவிட்டது. மைக்கேல் கேயின் சாக்ஸனிக்கா நிறுவனம் தரும் சாக்ஸன் ஹெச்இ ஜாவாவில் ஓடுவது; 2017-இல் வந்த 3.0 வரை அதற்குத் தெரியும். கணக்கில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் சாக்ஸனையே எடுங்கள். காரணத்தை 'கொட்டகலை' என்ற ஒரு டிவிசன் (தோட்டப் பிரிவு) பெயரிலேயே பார்த்துவிடலாம்.

அதிலுள்ள 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒன்று, 'க'வோடு 'ொ' என்ற ஒரே குறி. மற்றது, 'ெ'யும் 'ா'வும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பையும் புதிதாகத் தட்டிய கோப்பையும் சேர்த்து டிவிசன் வாரியாகத் தொகுத்தால், கொட்டகலை இரண்டு முறை வந்து நிற்கும், மொத்தக் கிலோவும் இரண்டாகப் பிளந்திருக்கும். சாக்ஸனில் தொகுக்கும் கட்டளையான ஃபார்-ஈச்-குரூப்பின் குரூப்-பை இடத்தில், இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் நார்மலைஸ்-யூனிகோட் செயற்கூறுக்குள் பெயரைப் போட்டால் போதும். 1.0-இல் அந்தச் செயற்கூறே இல்லை. ஆரக்கிளின் ஸ்டீவ் மூன்ச் பெயரில் வழங்கும் கீ, ஜெனரேட்-ஐடி உத்தியால்தான் அங்கே தொகுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ொ, ோ, ௌ மூன்றையும் சரிசெய்யத் தன்னையே அழைக்கும் டெம்ப்ளேட் ஒன்றைக் கையால் எழுத வேண்டும்.

நீளத்திலும் இதே தமிழ்ச் சிக்கல்தான். நீளம் எண்ணும் ஸ்ட்ரிங்-லெங்த் செயற்கூறு, குறிகளையும் தனித்தனியாகச் சேர்த்து 'நுவரெலியா'வை 9 என்று எண்ணும், ஆனால் நம் கண்ணுக்கு எழுத்து ஐந்து. சிட்டையில் பத்தி நேராக நிற்க இடைவெளி நிரப்புகிறவர்கள் இந்த எண்ணை நம்பவே கூடாது.

எக்செல்லில் 'எக்ஸ்எம்எல் ஸ்பிரெட்ஷீட் 2003' ஆகச் சேமித்த கோப்பைக் கொடுத்தால், பிழைச் செய்தி எதுவுமில்லாமல் எல்லா எழுத்தும் ஒரே கும்பலாகக் கொட்டுகிறதா? நேம்ஸ்பேஸ்தான், அதாவது டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்தான், காரணம். கோப்பு முழுவதும் ஒரு நேம்ஸ்பேஸுக்குள் இருக்கிறது, எக்ஸ்பாத்தில் (கோப்பில் தேடும் வழிக்குறிப்பில்) நீங்கள் எழுதிய 'ரோ' அதற்கு வெளியே தேடுகிறது. டெம்ப்ளேட் எதுவும் பொருந்தாதபோது உள்ளமைந்த விதி வெறும் எழுத்தை மட்டும் வெளியே தள்ளிவிடும். 1.0-இல் ஒவ்வொரு பெயருக்கும் முன்னொட்டு வைக்க வேண்டும். சாக்ஸனில் ஸ்டைல்ஷீட்டின் தலையில் எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் ஒரு வரி போதும். பண்புக்கூறுகளுக்கு (டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரங்களுக்கு) அது செல்லாது, அவற்றுக்கு முன்னொட்டு வேண்டும்.

அதே கோப்பில் இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. வெறுங்கட்டத்தை எக்செல் எழுதாமலே விட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் 'இன்டெக்ஸ்' என்ற பண்புக்கூறை மட்டும் வைக்கும். செவ்வாய் வேலைக்கு வராதவரின் புதன் கிலோ செவ்வாயில் ஏறிவிடும். மொத்தம் சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, நாள் வாரியாக அரைப்பேரா முழுப்பேரா (அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா) என்று பார்க்கும்போதுதான் சண்டை கிளம்பும். கட்டத்தை அதன் இடத்தை வைத்து எண்ணாதீர்கள். இன்டெக்ஸ் இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் முந்திய கட்டத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள். முந்திய மதிப்பை ஏந்திக்கொண்டே ஒவ்வொன்றாகச் செல்லும் எக்ஸ்எஸ்எல் இட்டரேட் கட்டளை இதற்கென்றே செய்தது போலிருக்கும்.

காசு விஷயத்தில் சாக்ஸனும் முழு நல்லபிள்ளை இல்லை. ஸ்கீமா (எது எண், எது எழுத்து என்ற வரையறை) இல்லாத தரவை அது மிதவைப் புள்ளி எண்ணாகவே எடுக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். டிவிசன் சம்பள மொத்தம் பத்து லட்சத்தைத் தொட்டதும், 1250000 என்று வரவேண்டியது 1.25-உம் அதன் பின்னால் ஓர் ஆங்கில 'ஈ'யும் 6-உமாக வந்து நிற்கும். கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு தொகையையும் டெசிமலாக (துல்லியமான தசம எண்ணாக) மாற்றுங்கள். சேமலாப நிதியின் 8 வீதமும் 12 வீதமும், நம்பிக்கை நிதியின் 3 வீதமும் சதக் கணக்கில் இடறாமலிருக்க இது அவசியம். '1,250' என்று காற்புள்ளி போட்ட எண்ணில் எழுத்துகளை மாற்றும் டிரான்ஸ்லேட் செயற்கூறால் அதை நீக்குங்கள், வெறும் மதிப்புகளை வடிகட்டுங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக் இங்கே 'எண் அல்ல' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். சாக்ஸன் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். சம்பள வேலையில் நின்றுவிடுவதுதான் நல்லது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப்பட்டியலுக்கு இரண்டு கருவியும் உதவாது. அதில் 'ஈ' உட்கார்ந்திருப்பது, எக்ஸ்எம்எல்லில் டேக் தொடங்கும் கோணக் குறியின் இடத்தில். வேறு மென்பொருளிலிருந்து அப்படியே ஒட்டியிருந்தால், 'ஈஸ்வரி' முதல் எழுத்திலேயே கோப்பை உடைத்துவிடுவார். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு எக்ஸ்எம்எல்.

நிறுவும்போது முக்கிய ஜார் கோப்பை (ஜாவா நிரல் தொகுப்பை) மட்டும் பென்டிரைவில் கொண்டுபோனால் ஓடாது. 11-ஆம் பதிப்பிலிருந்து லிப் அடைவிலுள்ள எக்ஸ்எம்எல்ரிசால்வர் ஜாரும் கூடவே வேண்டும். ஆகவே சிப் கோப்பை முழுதாக விரியுங்கள். ஜாவா தொடங்கச் சிறிது நேரம் பிடிக்கும், சின்னக் கோப்புக்கு எக்ஸ்எஸ்எல்டிபிராக்தான் வேகம். அதை ஓட்டும்போது நோ-வேலிட் விருப்பத்தைச் சேருங்கள், இல்லாவிட்டால் மழை நாளில் சிக்னல் விழுந்த நேரத்தில் எக்ஸ்எம்எல்லின் அமைப்பை வரையறுக்கும் டிடிடி கோப்பைத் தேடிக்கொண்டே நிற்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைத்த ஒன்று வரிசைப்படுத்தலுக்கு. எதுவும் சொல்லாமல் விட்டால் யூனிகோட் எண் வரிசைப்படி 'ன' என்பது 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவே வரும். அதனால் மலருக்கு முன்னால் மனோகரி வந்துவிடுவார். பதினெட்டு மெய்யையும் நம் அகரவரிசைக்கு மாற்றும் டிரான்ஸ்லேட் சரம் ஒன்றை எழுதி, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையின் செலக்டில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.