சி ஷார்ப்பின் லிங்க்: 2013 முதல் என் பாவனையில்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயர், பல்ப், சுவிட்ச் விற்கும் ஒரு மொத்தக் கடைக்கு 2013இல் மென்பொருள் எழுதத் தொடங்கினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுவது லிங்க்தான். (இணையத்தில் அழுத்தும் லிங்க் அல்ல. சி ஷார்ப் என்ற நிரல்மொழிக்குள் இருந்தபடியே தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் வசதி. 2007இல் சி ஷார்ப் 3.0 உடன் வந்தது.)

அதற்கு முன் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) வரிகளை மேற்கோள்குறிக்குள் எழுதி ஒட்டுவேன். ஓர் எழுத்து பிழைத்தால், கவுண்டரில் ஆள் காத்து நிற்கும்போதுதான் தெரியவரும். லிங்க்கில், நிரல் ஓடுமுன் அதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே பிடித்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இன்னும் பிடித்தது அது அவசரப்படாததுதான். நாம் எழுதும் நிபந்தனையை உடனே ஓட்டாமல் மரம்போலப் பிரித்து வைத்திருக்கும். விடையைக் கேட்கும் நேரம்தான் என்டிட்டி பிரேம்வொர்க் (நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் நூலகம்) அதை எஸ்கியூஎல்லாக்கி சேர்வருக்கு அனுப்பும். இந்த மாதம், கொட்டாஞ்சேனைக் கடைகள், பாக்கி உள்ளவை என்று ஒவ்வொரு வடிகட்டியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். போவது ஒரே கேள்விதான்.

சரி, சூடு பட்ட கதைக்கு வருகிறேன். 2018இல் அந்த நூலகத்தின் புதிய வடிவமான என்டிட்டி பிரேம்வொர்க் கோர் 2க்கு மாறினேன். கடன் தவணை கடந்த பில்களை எடுக்க, நானே எழுதிய ஒரு பங்ஷனை (பெயரிட்டு அழைக்கும் குறுநிரல்) நிபந்தனைக்குள் போட்டிருந்தேன். அதை எஸ்கியூஎல்லாக மாற்ற வழியில்லை. ஆனால் பிழை காட்டாமல், பில் அட்டவணை முழுவதையும் இழுத்துவந்து கடைக் கணினியின் நினைவகத்தில் வைத்து வடிகட்டியிருக்கிறது. சில நூறு பில் இருந்த காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. லட்சங்களைத் தாண்டியதும் முதலாளி போன் எடுத்தார்: "தம்பி, உங்கட மெஷின் நித்திரையோ?" லாக்கில் (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவேட்டில்) எச்சரிக்கை இருந்தது உண்மை, லாக்கை யார் பார்த்தது?

2019இல் வந்த கோர் 3.0 இந்த மௌன உதவியை நிறுத்திவிட்டது. மாற்ற முடியாத நிபந்தனை என்றால் நேரடியாகப் பிழைதான். முதல் வாரம் திட்டினேன், பிறகு நன்றி சொன்னேன். ஆனாலும் ஒரு ஓட்டை இன்றும் உண்டு. பங்ஷன் திருப்பித் தரும் வகையை ஐகுவெரியபிள் (இன்னும் எஸ்கியூஎல்லாக்கக்கூடிய கேள்வி) என்று எழுதாமல் ஐஎன்யூமரபிள் (ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சாதாரண வரிசை) என்று எழுதிவிட்டால், அதன்பின் வரும் வடிகட்டல் எல்லாம் நம் பக்கத்தில்தான் நடக்கும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. அதனால் கோர் 5.0இல் வந்த, அனுப்பப்போகும் எஸ்கியூஎல்லைக் காட்டும் டுகுவெரிஸ்ட்ரிங்கை வைத்து, புதிதாக எழுதும் ஒவ்வொன்றின் எஸ்கியூஎல்லையும் படித்துப் பார்த்த பிறகே கடைக்கு அனுப்புகிறேன்.

வற் வரி 2022இல் 8 வீதத்திலிருந்து ஜூனில் 12, செப்டெம்பரில் 15 என்று ஏறியபோது பழைய சூடு நினைவிருந்தது. வீதத்தைப் பங்ஷனில் எழுதாமல், எந்தத் திகதியிலிருந்து எத்தனை என்று ஒரு சின்ன அட்டவணையில் போட்டு இணைத்தேன். 2024 ஜனவரியில் 18 ஆனபோது வேலை ஒரு வரிசை சேர்ப்பதோடு முடிந்தது.

வருட முடிவுக் கையிருப்பு அறிக்கைக்கு மட்டும் லிங்க் தரும் எஸ்கியூஎல் அனுமார் வால்போல நீள்கிறது. அதைக் கையாலேயே எழுதி, பழையபடி மேற்கோள்குறிக்குள் வைத்திருக்கிறேன். போன மாதம் அதில்தான் ஓர் எழுத்துப் பிழை.