புரோகிரசிவ் கண்ணாடி: நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்

எனக்கு 53 வயது, 27 வருடமாகத் தையல் வேலை. ஊசியில் நூல் கோர்க்க ஒரு கண்ணாடி, வாசலில் வருபவர் முகம் பார்க்க இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய், போன வருடம் ஒரு கடையில், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் இருக்கும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டேன். அங்கே பவர் மட்டும் பார்த்தார்கள். ஃபிரேமை என் முகத்தில் வைத்து எதையும் குறிக்கவில்லை. டேப்பில் எண் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. "பழகிடும்" என்றார்கள். மூன்று மாதம் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இப்போது போட்டிருப்பது திருச்சி தில்லைநகரில் ஒரு சின்னக் கடையில் வாங்கியது. கடைத் தம்பி முதலில் ஃபிரேமின் மூக்குப் பிடியைச் சரிசெய்து ஒழுங்காக உட்காரவைத்தார். அப்புறம் என் கண் மட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து, "நேராப் பாருங்கக்கா" என்று சொல்லி, கருமணிக்கு நேராக, ஃபிரேமில் இருந்த பவரில்லாத டம்மி லென்ஸில் மார்க்கரால் புள்ளி வைத்தார். மூக்கின் நடுவிலிருந்து வலது கண் 31 மில்லிமீட்டர், இடது 29.5. பழைய கண்ணாடியில் அந்தப் புள்ளி 4 மில்லிமீட்டர் கீழே இருப்பதையும் அளந்து காட்டினார். அளவு ஜாக்கெட் இல்லாமல் தைத்தால் தோள் எங்கே நிற்கும்? அதே கதைதான்.

இந்த லென்ஸை எப்படித்தான் செய்கிறார்கள் என்று கேட்டேன். லேபில் தடித்த பிளாஸ்டிக் வட்டு ஒன்றை எடுப்பார்களாம். முன்பக்கம் ஒரே சீரான வளைவு. நம் பவரும் அளவும் கம்ப்யூட்டருக்குப் போக, வைர முனை வைத்த மெஷின் அந்தக் கணக்குப்படி பின்பக்கத்தைச் செதுக்கும். மேலே தூரத்துக்கு, கீழே படிக்க, நடுவில் பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் ஒடுக்கமான பாதை. பிறகு பாலிஷ், கீறல் விழாமலிருக்க ஒரு பூச்சு, பிரதிபலிப்பைக் குறைக்க இன்னொரு பூச்சு. ஃபிரேமுக்கு வெட்டுவது கடைசியில்தான். 1959-இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற புரோகிரசிவ் லென்ஸ் வந்த காலத்தில், பவர் ஏறும் இந்த வளைவு முன்பக்கத்தில்தான் இருந்ததாம். இப்போது ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனியாகவே செதுக்க முடிகிறது. அதனால்தான் புள்ளி தப்பினால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

வாங்கியதும் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசரில் பொறித்த இரண்டு குட்டிக் குறிகள் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் தெரியும். காதுப்பக்கக் குறிக்குக் கீழே படிக்கக் கூடுதலாகச் சேர்த்த பவர் இருக்கும். என்னுடையதில் 20, அதாவது 2.00. சீட்டோடு ஒத்துப்பார்த்தேன், சரியாக இருந்தது.

விலை 9,500 ரூபாய், எட்டு நாளில் வந்தது. ஒரு குறை உண்டு: கீழ் ஓரங்கள் மங்கல். முதல் நாலு நாள் வெட்டும் மேசையில் சாக்குக்கட்டியால் போட்ட கோடு ஓரத்தில் வளைந்து தெரிந்தது. எந்த புரோகிரசிவ் லென்ஸிலும் இதை முழுசாக எடுக்க முடியாது என்று தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தார். இப்போது கண்ணை ஓட்டாமல் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். உயரம் குறைந்த ஃபிரேம் மட்டும் எடுக்காதீர்கள். படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.