கணக்காளர் போன மறுநாள்: குவிக்புக்ஸ் ஆன்லைன் ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா துணிக்கடையோ, செந்தூல் லாரி கம்பெனியோ, கணக்கு இன்று பெரும்பாலும் கிளவுடுக்கு, அதாவது குவிக்புக்ஸ் ஆன்லைன் போன்ற இணையவழிக் கணக்கு மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கிருந்தும் திறக்கலாம், ரசீதைப் படம் பிடித்து ஏற்றலாம் என்பதையெல்லாம் விளம்பரமே சொல்லிவிடும். இங்கே பார்க்கப்போவது வேறு: கணக்காளர் வேலையை விட்டுப் போன மறுநாள் குவிக்புக்ஸ் யாருக்குக் காவலாக நிற்கிறது? பழைய முதலாளிக்கும் கணக்காளருக்கும் வரும் மனக்கசப்பில் பாதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

குவிக்புக்ஸ் ஆன்லைனின் பெரிய பலம் ஆடிட் லாக், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானே குறித்துவைக்கும் பதிவேடு. வலது மேல்மூலையில் உள்ள கியர் சின்னத்தை அழுத்தி ஆடிட் லாக்கைத் திறந்தால், யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பதிவைத் தொட்டார் என்று வரிசையாக வரும். ஆள் பெயரை வைத்தும் தேதியை வைத்தும் வடிகட்டலாம். டிசம்பர் வாடகை 4,800 வெள்ளி என்று இருந்ததைப் பிப்ரவரியில் ஒருவர் 14,800 ஆக்கினால், பழைய எண், புதிய எண் இரண்டையும் அங்கே பார்க்கலாம். பதிவையே அழித்தாலும் அழித்த தடம் நிற்கும். அட்மின்கூட இந்த லாக்கை நிறுத்தவோ துடைக்கவோ முடியாது. ஆளை நீக்கிய பிறகும் அவர் செய்தது அவர் பெயரிலேயே இருக்கும்.

இதன் அருமை ஒரு தொலைபேசி அழைப்பில் புரியும். “ஒரே ஒரு ஜர்னல் பதிவுதான் தம்பி, உன் லாகின் இன்னும் இருக்குதானே, போன வருஷத்துல போட்டு விட்டுடு.” கேட்பவர் பழைய முதலாளி, ஐந்து வருடம் சோறு போட்டவர், மறுக்க வாய் வராது. ஆனால் போட்டால், வேலையில் இல்லாத ஒருவர் முடிந்துபோன வருடத்தின் கணக்கைத் திருத்தினார் என்று லாக் தேதியோடு சொல்லும். தணிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி மட்டுமல்ல. உதவத்தான் வேண்டுமென்றால் வழி இருக்கிறது: என்ன வேலை, என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்கி, புதிய அழைப்பின் பேரில் உள்ளே வந்து, வேலை முடிந்ததும் வெளியேறலாம். பழைய லாகினில் மட்டும் கூடாது. முதலாளியும் முடிந்த வருடத்தைப் பூட்டும் ‘குளோஸ் தி புக்ஸ்’ பகுதியில் முடிவுத் தேதியும் கடவுச்சொல்லும் வைத்திருந்தால் இந்தச் சபலத்துக்கே இடமில்லை.

குறைக்கு வருவோம். மிகச் சிறிய கடைகள் எடுக்கும் சிம்பிள் ஸ்டார்ட் என்ற சந்தா திட்டத்தில் ஒரே ஒரு பயனர்தான். காசை மிச்சம் பிடிக்க முதலாளியும் கணக்காளரும் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த நொடியே ஆடிட் லாக் செத்துவிட்டது. யார் தொட்டாலும் ஒரே பெயர்தான் வரும். செய்யாத தவறைச் செய்யவில்லை என்று நிரூபிக்கக் கணக்காளருக்கு ஒரு துரும்பும் கிடைக்காது. அந்த ஒரு பயனர் போக, கணக்காளரைத் தனி லாகினோடு அழைக்க இதே திட்டத்தில் இரண்டு இடங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடைக்குள் இரண்டு மூன்று பேர் பதிவதானால் மூன்று பயனர் கொண்ட எசென்ஷியல்ஸ் திட்டமே சரி. கூடுதல் செலவு வீண் போகாது.

அடுத்தது பிரைமரி அட்மின், அதாவது கணக்கின் முழு அதிகாரம் உள்ள பயனர். ஒரு கம்பெனிக்கு ஒருவர்தான். முதல் நாள் கணக்கைத் திறந்தவரே, பெரும்பாலும் கணக்காளரே, தன் சொந்த ஜிமெயிலோடு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். மாற்ற வேண்டுமானால் அவரே உள்ளே போய் முதலாளியை நியமித்து, முதலாளி மின்னஞ்சலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சண்டையில் பிரிந்தால், உரிமையை நிரூபிக்கும் ஆவணங்களோடு மென்பொருள் நிறுவனத்தை அணுக வேண்டியதுதான், நாள் பிடிக்கும். சம்பளப் பாக்கிக்காக அட்மின் இடத்தைப் பிடித்து வைப்பது கணக்காளருக்கு நியாயமாகத் தோன்றலாம். இல்லை. பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. கணக்குப் பதிவுகள் கம்பெனிக்குச் சொந்தம். அவற்றை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 2016 கம்பெனிச் சட்டத்தின் 245-வது பிரிவு.

வாடிக்கையாளர் பட்டியலை எக்செலுக்கு ஏற்றுமதி செய்ய ஒரு நிமிடம் போதும். அவ்வளவு சுலபமாக இருப்பதே சோதனை. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு காரணமாக, ‘போட்டிக் கம்பெனியில் சேராதே’ என்ற நிபந்தனை வேலை முடிந்த பிறகு பொதுவாகச் செல்லாது. அதனால் எதிர்க்கடையில் சேரலாம். பட்டியலைக் கொண்டு போகக் கூடாது. மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏ-வின் நெறிமுறையும் இதையே சொல்கிறது: வேலை உறவு முடிந்தாலும் ரகசியம் காக்கும் கடமை முடியாது, பெற்ற அனுபவத்தைப் பயன்படுத்தலாம், பெற்ற தகவலை அல்ல.

பதிவுகளில் மோசடி தெரிந்தால்? கோப்புகளைக் காப்பி எடுத்து வீட்டில் வைப்பது மாட்டிக்கொள்ளும் வழி. வேலையில் இருக்கும்போதே பதிவு எண்ணையும் தேதியையும் குறித்து இயக்குநருக்கு எழுத வேண்டும். அதற்கும் அவர் அசையவில்லையென்றால் அமலாக்க அமைப்பிடம் போகலாம்: 2010 தகவலளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் அங்கே சொல்பவரைத்தான் காக்கும், முகநூலில் எழுதுபவரை அல்ல. புகாருக்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

இந்த மென்பொருள் மூட முடியாத கதவுகளும் உண்டு. வருமான வரி வாரியத்தின் தளமான மைடேக்ஸில் இயக்குநரின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர் தன் சொந்த அடையாள அட்டை (ஐசி) எண்ணில் நுழைந்து, மின்-விலைப்பட்டியலுக்கான மைஇன்வாய்ஸை இயக்குகிறார். குவிக்புக்ஸில் அவரை நீக்கினாலும் அந்த நியமனம் அப்படியே கிடக்கும். வங்கி டோக்கன், ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தளங்களும் அப்படித்தான். கடைசி நாள் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் பிரைமரி அட்மினை மாற்றி, முதலாளி ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மைடேக்ஸ் நியமனத்தை ரத்து செய்து, வங்கி, சேமநிதி, சொக்சோ தளங்களில் பெயரை எடுக்க வேண்டும். அன்றுவரையிலான ஆடிட் லாக்கை இருவரும் சேர்ந்து பார்த்து, எடுத்த பெயர்களையும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பிரதியிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பயனரை நீக்குவது கடைசியில்தான். ஒரு பிரதி போகிறவர் கையில் இருக்கட்டும்.