மாலையா, கம்மா, மாத்திரையா: குளிர் ஊரில் சிகரெட்டை விடுவது

குன்னூர், கோத்தகிரி பக்கம் யாரிடம் கேட்டாலும் சிகரெட்டுக்கு முதலில் சொல்லும் காரணம் குளிர்தான். கீழே மேட்டுப்பாளையத்தில் இருந்தால் விட்டிருப்பேன், இங்கே பனியில் முடியாது என்பார்கள். உடம்பில் நடப்பது இதற்கு நேர் எதிர். நிகோடின் தோலுக்குப் போகிற ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விரல் இன்னும் ஜில்லிட்டுப் போகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, காற்றில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைச்சல், அதில் புகையோடு போகும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு வயசை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

சரி, எப்படி விடுவது? ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது, வெறும் மன உறுதியை நம்பி இறங்கினால் கஷ்டம். பத்து மணி டீயோடுதான் முதல் தம் என்றால் உடம்பைவிடப் பழக்கம்தான் பெரிய ஆள். இந்த இரண்டு பேருக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது.

ஒரேயடியாக விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா என்ற பழைய சண்டைக்கு ஓரளவு பதில் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், ஒரு நாள் குறித்து அன்றோடு நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நாலு வாரம் தாண்டியும் தொடவில்லை, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். ஆறு மாதத்தில் அது 22-க்கு 15.5 என்று ஆனது. இரண்டு தரப்புக்கும் தோலில் ஒட்டுகிற நிகோடின் பேட்ச், மெல்லுகிற நிகோடின் கம் எல்லாம் கொடுத்துத்தான் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எந்தத் துணையும் இல்லாமல் விடுகிறவர்களில் ஒரு வருஷம் நிலைப்பது நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். குறைக்கிறேன் என்பவர்களிடம் இன்னொரு சங்கதியும் உண்டு: எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, பஞ்சு வரைக்கும் விடாமல் பிடிப்பார்கள். கணக்கில் பாதியானாலும் நெஞ்சுக்குள் போவது பாதியாவதில்லை.

நம் ஊரில் ஒரேயடியாக விடுவதற்கு இன்னொரு பெயர் சபரிமலைக்கு மாலை போடுவது. எந்த டாக்டர் பட்டியலிலும் இது இருக்காது, ஆனால் நான் பார்த்தவரை இந்த மலையில் அதிகம் பேர் சிகரெட் இல்லாமல் இருப்பது கார்த்திகையில்தான். (மாலையோடு மறைவில் ஊதுகிற சாமிகளும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.) கழுத்தில் மணி கிடந்தால் யாரும் தம் நீட்ட மாட்டார்கள், கடைக்காரரே "என்ன சாமி" என்று ஒரு பார்வை பார்ப்பார், வேலையிடத்தில் எரிந்து விழுந்தாலும் விரதம் என்று பொறுத்துப் போவார்கள். இவ்வளவு காவல் எந்த மாத்திரைக்கும் கிடையாது. தவக்காலத்தில் நாற்பது நாள் விடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே வசதிதான். நிகோடின் இல்லாத தவிப்பு முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் அதற்குத் தாராளமாகப் போதும். அதாவது மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றும்போது உடம்பு ஏற்கெனவே விட்டிருக்கிறது! அப்புறம் ஏன் திரும்பவும்? விரதத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது, அதுதான் கோளாறு. 'நாற்பத்திரண்டாம் நாள் ஒன்னு' என்று மனசு முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு இருக்கும். மாலையை நம்பி விடுகிறவர் அந்த நாளுக்கும் அடுத்த ஒரு மாதத்துக்கும்தான் திட்டம் போட வேண்டும்: யாரோடு டீ குடிப்பது, எந்தக் கடை, கையில் என்ன.

கையில் என்ன என்றால் நிகோடின் கம். 2 மில்லிகிராம் பொதுவாக மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். காலையில் எழுந்ததும் பற்ற வைக்கிற ஆளுக்கு 2 போதாமல் போகலாம். ரொம்பப் பேர் "கம் வேலை செய்யல" என்று சொல்வது பபிள் கம் மாதிரி மென்று தள்ளுவதால்தான். மெதுவாகக் கொஞ்சம் மெல்லணும், காரம் ஏறியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கணும், காரம் போனதும் திரும்ப மெல்லணும். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏறுகிறது, விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்னாடியும் டீ, காபி, ஜூஸ் கூடாது. மணிக்கொரு டீ குடிக்கிற ஊரில் இந்த ஒரு விதிதான் கம்மைத் தோற்கடிக்கிறது.

டீ பற்றி இன்னொன்று, இதை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புகைப்பவர் உடம்பு காஃபினை வேகமாகக் கரைத்துவிடும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைகிறது, அதே அளவு டீ இப்போது அதிக நேரம் ரத்தத்தில் நிற்கும். தூக்கம் வராது, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், எல்லாவற்றையும் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைப்பார்கள். டீயைப் பாதியாக்கினால் அந்த வாரம் லேசாகலாம்.

பேட்ச் சோம்பேறிகளுக்கு ஏற்றது, குறையாகச் சொல்லவில்லை. காலையில் தோலில் ஒட்டினால் நாள் முழுக்கச் சீராக நிகோடின் போகும், ஸ்வெட்டருக்கு உள்ளே யாருக்கும் தெரியாது. தினமும் இடம் மாற்றி ஒட்டணும், ராத்திரி கனவு தொல்லை கொடுத்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம். திடீரென்று வரும் ஆசையை மட்டும் அது பிடிக்காது, அதனால் பேட்ச் ஒட்டி, ஆசை வரும்போது கம் என்று சேர்த்துப் போடுவதுதான் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் விலை கடிக்கும், சின்ன ஊர் மெடிக்கலில் பேட்ச் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

வெறும் கம்மையோ பேட்ச்சையோ விட ஒரு படி மேலே வரெனிக்ளின் மாத்திரை. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் போடுவார்கள், மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்வதால் நடுவில் ஒன்று பிடித்தாலும் பழைய ருசி இருக்காது. குமட்டல் வரும், சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டால் குறையும். மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது, 8,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2016-இல் வெளிவந்த ஆய்வு அந்தப் பயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. பூப்ரோபியான் என்று இன்னொரு மாத்திரை உண்டு, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. இரண்டுக்கும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பல தடவை விட்டுத் திரும்பியவர்கள் ஐந்தாவது தடவையும் வீம்புக்கு வெறுங்கையோடு இறங்காமல் இதைக் கேட்கலாம்.

டூரிஸ்ட் கையில் பார்க்கிற வேப் 2019-லிருந்து இந்தியாவில் தடை, அதனால் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. மூலிகை சிகரெட்டில் நிகோடின் இல்லாவிட்டாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அப்படியேதான் இருக்கின்றன. பீடிக்கு இறங்குவதும், உதட்டுக்குள் புகையிலை ஒதுக்குவதும் விட்டதாகாது. குன்னூருக்குக் கீழே பர்லியாரில் விளைகிற கிராம்போ ஏலக்காயோ வாயில் போட்டுக்கொள்வது மருந்தில்லை, ஆனால் ஆசை ஒரு அலை வந்து போவது சில நிமிஷம்தான், அதுவரை வாய்க்கு வேலை கொடுக்க ஒரு கிராம்பு போதும்.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, இலவசம், தமிழிலும் பேசலாம். நம்பரை எழுதி வைக்கக்கூட வேண்டாம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. சில்லறையாக ஒன்று இரண்டு வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் பாக்கெட்டை வாங்கிப் பார்க்கலாம்.